சைக்கிள் டயருக்கு எவ்வளவு காற்று? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"குலுக்கிக் குலுக்கிக் கை வலிக்குது", "மிதிக்கவே முடியல", "சும்மா சும்மா பஞ்சர் ஆகுது", "திருப்பத்துல வழுக்கிட்டுப் போகுது." பழுது பார்க்க வரும் சைக்கிள்களோடு வரும் புகார்கள் பெரும்பாலும் இவைதான். நான்குக்கும் முதல் வேலை ஒன்றே: டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளப்பது. அதைச் செய்யாமல் நல்ல டயரைக் கழற்றிப் போட்டவர்களையும், சீட்டை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, அதே அளவு அடித்துவிடுவதுதான் பல தொல்லைகளுக்கு மூலகாரணம். அது டயர் தாங்கக்கூடிய உச்சம். ஐம்பது கிலோ உள்ளவரும் நூறு கிலோ உள்ளவரும் அதே டயரைத்தான் வாங்குகிறார்கள். இருவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? உங்களுக்கு வேண்டிய அளவை உங்கள் எடை, டயரின் அகலம், நீங்கள் போகும் பாதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கைக்காசு கரையும் காரணம் கடைசியில் இருக்கும். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

## எதையும் தொடுவதற்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

இப்போது உள்ள காற்று. பம்பைப் பொருத்தி அடிக்கத் தொடங்கிவிட்டால் பழைய அளவு தெரியாமலே போய்விடும். அதனால் முதலில் கேஜ் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வைத்து, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் தனித்தனியாகப் பார்த்து எழுதி வையுங்கள். ஓட்டி முடித்த சூட்டிலோ வெயிலில் நின்ற சூட்டிலோ பார்க்க வேண்டாம். ஒரு கேஜுக்கும் இன்னொன்றுக்கும் 5 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) வித்தியாசம் வருவது சாதாரணம். எப்போதும் ஒரே கேஜைப் பயன்படுத்தினால் அந்த வித்தியாசம் உங்களைப் பாதிக்காது. கேஜ் 'பார்' கணக்கில் காட்டினால் 14.5 ஆல் பெருக்குங்கள், பிஎஸ்ஐ கிடைக்கும்.

உங்கள் சைக்கிளில் இருப்பது உள்ளே வால் டியூப் ரப்பர் மாட்டிய பழைய வகை டன்லப் வால்வு என்றால் கேஜை நம்பாதீர்கள். அந்த ரப்பரைத் தள்ளித் திறக்க ஆகும் அழுத்தமும் சேர்ந்துதான் பம்பின் முள்ளில் தெரியும். உள்ளே இருப்பது அதைவிடக் குறைவு. உங்களுக்கு, கீழே அறிகுறி 1-இல் சொல்லியிருக்கும் ஸ்கேல் சோதனைதான் சரியான வழி.

டயரின் அகலம். பக்கவாட்டில் 37-622 என்று இருந்தால் 37 என்பது மில்லிமீட்டரில் அகலம், 622 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். 700×35சி என்றால் அகலம் 35 மி.மீ. 26×1.95 என்பது அங்குலக் கணக்கு, அகலம் ஏறத்தாழ 50 மி.மீ.

மொத்த எடை. நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து. இதில் பாதிக்கு மேல், பொதுவாக 55 முதல் 60 சதவீதம், பின் சக்கரத்தின் தலையில்தான் விழுகிறது.

## தொடங்குவதற்கு ஓர் அளவு

எழுபது கிலோ எடையுள்ளவர், பன்னிரண்டு கிலோ சைக்கிள், டியூப் போட்ட டயர், சுமாரான தார்ச்சாலை. இந்தக் கணக்குக்குப் பின் சக்கரத்தில் இவ்வளவு வைத்துத் தொடங்கலாம்:

- 25 மி.மீ. டயர்: 90 பிஎஸ்ஐ
- 28 மி.மீ.: 75
- 32 மி.மீ.: 60
- 38 மி.மீ.: 50
- 50 மி.மீ.: 35

முன் சக்கரத்தில் இதைவிடப் பத்து சதவீதம் குறைவு. மொத்த எடை எத்தனை சதவீதம் கூடுகிறதோ குறைகிறதோ, காற்றையும் அத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கலாம். 38 மி.மீ. டயரில் ஐம்பத்தைந்து கிலோ உள்ளவர் ஓட்டினால் மொத்தம் 67 கிலோ. அவருக்குப் பின்னால் 41 போதும். 32 மி.மீ. டயரில் தொண்ணூறு கிலோ உள்ளவருக்குப் பின்னால் 75 வரை வேண்டியிருக்கும். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் இந்த அளவுகளிலிருந்து பத்து முதல் பதினைந்து சதவீதம் இறக்கலாம்.

இரண்டு எல்லைகளைத் தாண்டக் கூடாது. டயருக்கு ஓர் உச்சம் இருப்பதுபோல ரிம்முக்கும் ஓர் உச்சம் உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் உச்சம். உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. அதில் போடும் டயரும் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட டியூப்லெஸ் டயராக இருக்க வேண்டும். டயரில் குறைந்தபட்ச அளவு அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழும் இறங்காதீர்கள்.

இனி மாற்றம் எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒரு சக்கரத்தில் மட்டும் செய்யுங்கள். ஒல்லி டயரில் ஐந்தைந்தாக, அகல டயரில் இரண்டு மூன்றாக. இரண்டிலும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

## அறிகுறி 1: குலுக்கல் தாங்கவில்லை, உள்ளங்கை மரத்துப்போகிறது

முன்னும் பின்னும் ஒரே அளவா? குலுக்கல் புகார்களில் நான் அதிகம் காண்பது இதைத்தான். முன் சக்கரத்துக்குச் சுமை குறைவு; பின்னுக்கு அடித்ததையே முன்னுக்கும் அடித்தால் அது விறைத்து நிற்கும். கை வலிக்குக் கையுறை வாங்குவதற்கு முன் முன் டயரில் 5 பிஎஸ்ஐ இறக்கி, தினமும் போகும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டுமே அதிகமா? இங்கேதான் ஸ்கேல் சோதனை. சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்துங்கள். யாரும் ஏறாமல், டயர் தரையைத் தொடும் இடத்தில் தரைக்கும் ரிம்மின் கீழ் விளிம்புக்கும் நடுவே ஸ்கேலை நிமிர்த்தி வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் ஏறி, ஒரு முழங்கையைச் சுவரில் லேசாக ஊன்றி, இரு கால்களும் பெடலில், இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்க, ஓட்டும்போது உட்காரும் அதே நிலையில் உட்காருங்கள். வழக்கமாகப் பை மாட்டுபவர் பையோடு உட்கார வேண்டும். இன்னொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்கட்டும். உயரம் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். உதாரணமாக, ஆள் ஏறாதபோது 34 மி.மீ. இருந்தது, ஏறியதும் 29-க்கு வந்தால் நல்லது. 32-இலேயே நின்றால் காற்று அதிகம். 26-க்குப் போனால் குறைவு. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பின் சக்கரம் சரியாக நசுங்கி, முன் சக்கரம் கொஞ்சமும் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், முன் டயரில் காற்றைக் குறைக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது பழக்கமான டயருக்கு, "நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா" என்று பார்க்க மட்டும் உதவும். 60-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

காற்று சரி, குலுக்கல் குறையவில்லையா? முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அங்கே உள்ள பால்ரஸ் தளர்ந்திருக்கிறது. இறுக்குவது சின்ன வேலைதான் என்றாலும், அதிகம் இறுக்கிவிட்டால் பால்ரஸ் கெட்டுவிடும். பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடுத்தது அகலமான டயர். சட்டகத்திலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28-லிருந்து 32-க்குப் போவது குலுக்கலுக்கு நல்ல மருந்து. டயரின் இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 2: மிதிக்கக் கனமாக இருக்கிறது

முதலில் கேஜ். தொடக்க அளவைவிடப் பத்து பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருந்தால் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மேற்கொண்டு எதுவும் தேடத் தேவையிருக்காது.

காற்று சரியாக இருந்தால் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிவிடுங்கள். தடையில்லாமல் வெகுநேரம் சுற்றினால் சக்கரத்தில் குறையில்லை. இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டால் எங்கே உரசுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள்:

- 'ஷ்' என்று விட்டுவிட்டு வந்தால் பிரேக் கட்டை ஓரிடத்தில் மட்டும் உரசுகிறது. ரிம்மில் கோட்டம் விழுந்திருக்கிறது.
- தொடர்ந்து ஒரே சீராக உரசினால் பிரேக் கட்டை நகர்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் சட்டகத்தில் நேராக உட்காரவில்லை. நட்டைத் தளர்த்தி நேராக வைத்து முடுக்கினால் தீரும்.
- கரகரவென்று கேட்டால், அச்சைப் பிடித்துத் திருப்பும்போது கையிலும் அந்தக் கரகரப்பு தெரிந்தால், ஹப்பில் உள்ள பால்ரஸ் போய்விட்டது. கடைக்குப் போகும் வேலை.

ஒரு விஷயம் பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும்: குண்டும் குழியுமான சாலையில் காற்றைக் கூட்டக் கூட்ட வேகம் கூடாது. சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும், நீங்கள் மிதித்த பலத்தின் ஒரு பங்கு அந்தத் துள்ளலிலேயே போய்விடும். கனமாக இருக்கிறதே என்று 90-ஐ 110 ஆக்கி வைத்திருந்தால், பழைய அளவுக்கு இறக்கி அதே தூரத்தை நேரம் பார்த்து ஓட்டுங்கள்.

## அறிகுறி 3: பஞ்சர் மேல் பஞ்சர்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒட்டுப் போட்டு மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் துளை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்க்காமல் ஒட்டினால் அதே பஞ்சர் திரும்பவும் வரும்.

கழற்றும்போதே ஒன்று செய்யுங்கள். டியூபை வெளியே எடுக்கும் முன் வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், டியூபின் எந்தப் பக்கம் சங்கிலிப் பக்கம் என்பதையும் குறியுங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, டியூபை மறுபடி டயரின் மேல் அதே வாட்டத்தில் வைத்துப் பார்த்தால் குற்றவாளி இருக்கும் இடம் விரல் நீளத்துக்குள் அகப்பட்டுவிடும்.

### பக்கம் பக்கமாக இரண்டு சிறு கீறல்கள்

பாம்பு கடித்த தடம் போல இரண்டு வெட்டுகள் இருந்தால் காற்று குறைவு என்று பொருள். குழியிலோ விளிம்புக் கல்லிலோ இடிக்கும்போது டயர் முழுக்க நசுங்கி, டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே சில நாளாக 'டங்' என்று ரிம் அடிபடும் சத்தம் கேட்டிருக்கும். இரண்டு கீறலையும் மூடும்படி ஒட்டி, பின் சக்கரத்தில் 5 முதல் 8 பிஎஸ்ஐ கூட்டுங்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் போயும் இதே பஞ்சர் வந்தால் உங்கள் எடைக்கு அந்த டயர் ஒல்லி. அகலமானதுக்கு மாறுவதுதான் வழி.

மாட்டும் முன் ரிம் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். நெளிந்திருந்தால், வெடிப்பு தெரிந்தால், காற்றடிக்காமல் சக்கரத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கார்பன் ரிம் என்றால் 'டங்' சத்தம் கேட்ட அன்றே காட்டிவிடுவது நல்லது.

### தரையைப் பார்த்த பக்கத்தில் ஒரே துளை

முள், கண்ணாடிச் சில்லு, கம்பித் துணுக்கு. டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். குத்திக்கொண்டிருப்பது துணியின் நூலைப் பிடித்திழுக்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். டயரின் ரப்பருக்குள் புதைந்து, மிதிக்கும்போது மட்டும் வெளியே வரும் முள்ளும் உண்டு. சந்தேகப்படும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரல்களால் வளைத்து உள்ளே பாருங்கள்.

இந்த வகைப் பஞ்சருக்குக் காற்றளவு நேரடிக் காரணம் இல்லை. டயரின் நடுப்பட்டை தேய்ந்து தட்டையாகியிருந்தால், உள்ளே இருக்கும் நூல் எட்டிப் பார்த்தால், டயரின் காலம் முடிந்தது.

### ரிம்மைப் பார்த்த பக்கத்தில் துளை

ஸ்போக் தலை குத்தியிருக்கிறது, அல்லது ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகியிருக்கிறது. டேப்பை நகர்த்திச் சரியாக உட்கார வையுங்கள். இற்றுப்போயிருந்தால் புதிது போடுங்கள். டேப் ஸ்போக் துளைகளுக்குள் குழிந்து இறங்கியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அதிகக் காற்று இந்தப் பஞ்சரை இன்னும் விரைவாக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக் முனையை அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். எல்லா ஸ்போக்கும் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரத்தை ஒருமுறை நல்ல கையிடம் கொடுத்துப் பார்த்துவிடுவது மேல்.

### வால்வின் அடியில் கிழிசல்

ஒட்டுப் போட முடியாத இடம். டியூபை மாற்றத்தான் வேண்டும், ஆனால் காரணத்தையும் பாருங்கள். காற்று குறைந்து ஓட்டினால் டயரும் டியூபும் ரிம்மில் மெல்லச் சுற்றி நகரும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். வால்வு சாய்ந்திருப்பதைக் கண்டால் காற்றை முழுக்க இறக்கி, டயரை நகர்த்தி, வால்வு நேராக நிற்கும்படி வைத்து அடியுங்கள். கைப்பம்பை ஒரு கையால் தாங்காமல் ஆட்டி ஆட்டி அடிப்பதும், வால்வு நட்டை ஸ்பேனரால் முடுக்குவதும் இதே இடத்தைத்தான் கிழிக்கும். ஒல்லியான பிரஸ்டா வால்வை, கார் வால்வுக்காகப் போட்ட பெரிய துளையில் வாஷர் இல்லாமல் மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும்.

### விரல் நீளத்துக்குக் கிழிசல்

மாட்டும்போது டியூப் டயர் விளிம்புக்கு அடியில் அகப்பட்டு வெடித்திருக்கிறது. புது டியூப் போடுங்கள். இம்முறை காற்றடிக்கும் முன், இரு பக்கமும் டயர் விளிம்பை விரலால் விலக்கி, டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 4: அடித்த காற்று நிற்பதில்லை

எந்த டியூபும் காற்றை முழுக்கப் பிடித்து வைக்காது. சாதாரண பியூட்டைல் டியூப் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ இழப்பது இயல்பு. ஒல்லி டயரில் அது சீக்கிரம் தெரியும்; 25, 28 மி.மீ. டயரை நெடுந்தூரம் போகும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், 32 முதல் 40 வரை வாரம் ஒருமுறை, அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. லேடெக்ஸ் டியூப் ஒரே நாளில் நன்றாக இறங்கிவிடும். பழுது என்று நினைக்க வேண்டாம். வழியில் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால் மறுநாளே மெத்தென்று ஆகியிருக்கும், ஏனென்றால் அந்த வாயு ரப்பர் வழியே காற்றைவிட வேகமாகக் கசியும். வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டு நல்ல காற்றை அடித்துவிடுங்கள்.

இரவு அடித்தது காலையில் பாதியாகிவிட்டது, அதுவும் ஒரு சக்கரத்தில் மட்டும் என்றால்:

1. வால்வின் வாயில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளிருக்கும் ஊசி தளர்ந்திருக்கிறது. கார் வகை வால்வில் அதற்குரிய சிறு சாவியால் லேசாக முடுக்கினால் போதும். பிரஸ்டாவில் தலையில் உள்ள குட்டி நட்டை இறுக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டன்லப் வால்வில் வால் டியூபை மாற்றுங்கள். மலிவான சமாசாரம், பிசுபிசுத்துப்போனதையோ வெடித்ததையோ வைத்துக்கொண்டு போராடாதீர்கள்.
2. வால்வு சரி என்றால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்குங்கள். மெல்லிய கசிவுக்குக் குமிழி உடனே வராது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பழைய ஒட்டின் ஓரங்களை முதலில் பாருங்கள். உப்புத்தாளால் சரியாகத் தேய்க்காமல், சொல்யூஷன் காயும் முன்பே ஒட்டிய ஒட்டுதான் ஓரத்தில் வாய் பிளக்கும்.
3. டியூப்லெஸ் என்றால் கசிவை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் காய்ந்திருக்கலாம். இடத்தையும் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றியும் நிற்கவில்லையென்றால் ஸ்போக் துளைகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அங்கே குமிழி வந்தால் ரிம் டேப் போய்விட்டது. அதை இழுத்துப் பிடித்து ஒட்டத் தெரிந்தவர் செய்தால்தான் நிற்கும்.

குளிர்ந்த நாளில் இரண்டு டயரிலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் குறைந்து காட்டினால் கசிவு என்று தேட வேண்டாம். பத்து டிகிரி குளிர்ந்தாலே 50 பிஎஸ்ஐ உள்ள டயரில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும்.

## அறிகுறி 5: பம்பு அடிக்கிறோம், காற்று ஏறவில்லை

பிரஸ்டா வால்வு என்றால் தலையில் உள்ள நட்டைத் தளர்த்தி, முனையை ஒருமுறை அழுத்தி 'புஸ்' என்று கேட்ட பிறகே பம்பைப் பொருத்துங்கள். நாள்பட நின்ற சைக்கிளில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கார் வகை வால்வில் பம்பின் தலை முழுக்க இறங்காவிட்டால் நடுவில் உள்ள ஊசி அழுந்தாது. முள் மட்டும் எகிறும், டயர் நிரம்பாது. பம்பு தலையைச் சுற்றிக் காற்று சீறினால் அதற்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றலாம், பம்பை அல்ல.

பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தத்தைக் கேட்டுப் பதறுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பம்பின் குழாயில் நின்ற காற்று.

பைக், காருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் சைக்கிளைக் காட்டுவதாக இருந்தால் ஒரு நொடி அடித்து, நிறுத்தி அளந்து, மறுபடி ஒரு நொடி என்று போக வேண்டும். சைக்கிள் டியூபில் அடங்கும் காற்று மிகக் கொஞ்சம். கண் மூடித் திறப்பதற்குள் உச்சத்தைத் தாண்டிவிடும்.

## அறிகுறி 6: திருப்பத்தில் நெளிகிறது, வழுக்குகிறது

இரண்டும் ஒன்றல்ல. நெளிவது காற்றுக் குறைவு. முன்னால் குறைந்தால் ஹேண்டில் கனத்து, திருப்பத்தை விட்டு நேராக வரச் சுணங்கும். பின்னால் குறைந்தால் இடுப்புக்குக் கீழே சைக்கிள் தனியாக ஆடுவது தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இப்படி உணர்ந்தால் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. திருப்பாமல், அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல், மெல்ல நேராக நிறுத்துங்கள்.

வழுக்குவது, குறிப்பாக ஈரத்திலும் பொடிக்கல்லிலும், பெரும்பாலும் காற்று அதிகம். டயர் சாலையைப் பிடிக்காமல் துள்ளித் துள்ளிப் போகிறது. மழை நாளில் 5 பிஎஸ்ஐ வரை குறைத்துப் பாருங்கள். குறைத்தும் வழுக்கினால் டயரின் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாமல் இறுகியிருந்தால், பக்கவாட்டில் பொடி வெடிப்புகள் ஓடியிருந்தால் வயதாகிவிட்டது. புது டயர் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி 7: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல், அல்லது டயரில் புடைப்பு

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைக் கவனியுங்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்தாலோ மேலே எழும்பினாலோ டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் அழுத்திச் சமன் செய்து மறுபடி அடியுங்கள். கோடு சுற்றிலும் சமமாக இருந்தும் துள்ளினால் ரிம்மில்தான் கோட்டம். கோட்டம் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் கொப்புளமாகப் புடைத்திருந்தால் அந்த நிமிடமே காற்றை இறக்குங்கள். உள்ளே நூல் அறுந்து டியூப் வெளியே தள்ளுகிறது. பழைய டயரின் பக்கவாட்டில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, பாதிக் காற்றில் வீடு வரை மெல்ல வரலாம். அதற்கு மேல் அந்த டயரை ஓட்டக் கூடாது.

ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் இன்னொன்றும் பாருங்கள். பிரேக் கட்டை உரசும் ரிம்மின் பக்கச்சுவர் உள்நோக்கிக் குழிந்திருக்கிறதா? தேய்மானக் குறி மறைந்துவிட்டதா? மெலிந்த சுவர் டயரின் அழுத்தத்திலேயே பிளந்துவிடும். ரிம் மாற்றும்வரை அதில் ஏறவே வேண்டாம்.

## அறிகுறி 8: வெயிலில் நின்ற சைக்கிளில் டயர் வெடித்தது

வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 25 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 60 டிகிரி வரை சூடானாலும் 69-ஐத்தான் தொடும். நல்ல நிலையில் உள்ள, உச்சத்துக்குக் கீழே அடித்த டயர் அதற்கு வெடிக்காது. ஆக, வேறு ஏதோ ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது: உச்சத்தைத் தாண்டி அடித்த காற்று, விளிம்புக்கு அடியில் அகப்பட்ட டியூப், சரியாக உட்காராத டயர், பக்கவாட்டில் வெட்டு. இதே வரிசையில் பார்த்துவிட்டு, டயரில் வெட்டு இல்லையென்றால் டியூபை மட்டும் மாற்றினால் போதும்.

## அறிகுறி 9: சுமை ஏற்றியதும் பின்பக்கம் ஆடுகிறது

கேரியரில் பதினைந்து கிலோ ஏற்றினால் அதில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்குத்தான். பின் டயரில் மட்டும் பதினைந்து முதல் இருபது சதவீதம் கூட்டுங்கள், உச்சத்தைத் தாண்டாமல். முன் டயரைத் தொட வேண்டியதில்லை. சுமையை இறக்கிய பின் காற்றையும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். பலர் இதை மறந்து மாதக்கணக்கில் குலுங்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

காற்றைக் கூட்டியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் கேரியரின் திருகுகளை முடுக்குங்கள். பிறகு பின் சக்கர ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். மற்றவை விறைப்பாக இருக்க ஒரு சில மட்டும் தொளதொளவென்று இருந்தால், அல்லது ஒன்று உடைந்திருந்தால், சுமையை அங்கேயே இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு ஸ்போக்கை மட்டும் நாமே முடுக்கினால் ரிம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதற்கு ஸ்டாண்டில் மாட்டி எல்லா ஸ்போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.